பிடுங்கி வைத்த கம்பங்கள்

நம் சங்கத்துக்கு ஏன் ஒரு பெயர்ப்பலகை இல்லை என்று சின்னவன் போன வாரம் கேட்டான். பேரே இல்லாத டீம் என்று பள்ளிக்கூடத்தில் யாரோ கேலி செய்தார்களாம். பெரியவளும் சேர்ந்துகொண்டு, பேர்தான் இல்லை, ஒரு போட்டோவாவது எடுத்து வைத்திருக்கக் கூடாதா என்றாள். வாயால் சொன்னால் நான் பாதியில் வேறு கதைக்குப் போய்விடுவேன் என்று உங்கள் அம்மா சொல்கிறாள். அதனால் எழுதுகிறேன். எட்டாவதோடு நின்றுபோன படிப்பு என்னுடையது. பிழை இருந்தால் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

நாங்கள் கப்பலில் வந்தவர்கள் என்பது உங்களுக்குத் தெரியும். இரண்டு அரசாங்கங்கள் பேசி ஒப்பந்தம் போட்டு, இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் இருந்த எங்களில் இன்னார் அங்கே, இன்னார் இங்கே என்று பிரித்தபோது எங்கள் குடும்பம் இந்தப் பக்கம் விழுந்தது. எழுபதுகளின் நடுவில் ராமேஸ்வரத்தில் இறங்கினோம். மண்டபம் முகாமில் காத்துக் கிடந்தோம். கடைசியில் காவலூர் ரோட்டிலிருந்து பிரிகிற மண்பாதையில் ஒரு லாரி எங்களைக் கொண்டுவந்து இறக்கிவிட்டது. அப்போது நான் மீசை வைத்த ஆள். ஓட்டு வீடுகள் வரிசையாகக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். மரக்கன்று நடுவதும் ரோடு போடுவதும்தான் வேலை. மலையும் குளிரும் வரிசை வீடும் தோட்டத்து லயம் மாதிரியே இருந்ததால் வயசானவர்கள்கூடச் சீக்கிரம் பழகிவிட்டார்கள். பழகாமல் போனது ஞாயிற்றுக்கிழமைதான்.

தோட்டத்தில் ஞாயிறு என்றால் மேட்ச். ஒரு தோட்டத்துக்காரர்கள் இன்னொரு தோட்டத்துக்கு நடந்தே போய் வாலிபால் ஆடுவார்கள். பெண்பிள்ளைகளுக்கு வளையத்துக்குள் பந்து போடுகிற வலைப்பந்து. சித்திரை வருஷப் பிறப்புக்கு எல்லே. எல்லே என்பது அங்கத்து ஆட்டம். மூங்கில் தடியால் பந்தை விளாசிவிட்டு, சுற்றி நட்டிருக்கும் கொம்புகளை ஒவ்வொன்றாகக் கடந்து ஓடி வர வேண்டும். ஓடுகிறவன் முதுகில் பந்தை எறிந்து அடித்துவிட்டால் அவன் அவுட். அந்த அடியின் வலி செவ்வாய்க்கிழமை வரைக்கும் இருக்கும்.

இங்கே ஞாயிறு வந்தால் ஆண்கள் வாசலில் உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மத்தியானத்துக்குள் யாராவது பெங்களூர்ப் பேச்சை எடுப்பார்கள். அங்கே கட்டட வேலை இருக்கிறதாம், ஜவுளி மில்லில் ஆள் எடுக்கிறார்களாம். அப்படிப் பேசியவன் கொஞ்ச நாளில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிடுவான். பிறகு அவன் வீட்டு ஜனமும் போகும். பூட்டின வீடுகள் கூடிக்கொண்டே வந்தன.

அப்போதுதான் உங்கள் மாமா, என் அக்காவின் வீட்டுக்காரர், நாம் ஒரு சங்கம் ஆரம்பிக்க வேண்டும் என்றார். தோட்டத்தில் அவர் வாலிபால் கேப்டன். நல்ல உயரம், உங்களுக்குத் தெரியும். தோட்டத்து மைதானத்தில் சிமெண்டு போட்டு நட்ட இரும்புக் கம்பங்கள் இரண்டு இருந்தன. நாங்கள் கிளம்பின அன்றைக்கு, சாமான் ஏற்றிக்கொண்டிருக்கும்போது மனிதர் காணாமல் போய்விட்டார். தேடிப் போனால் மைதானத்தில் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். அக்கா இன்றைக்கும் அதைச் சொல்லிக் காட்டுவாள், பெத்தவங்ககிட்டகூடச் சொல்லிக்கல, கம்பத்துக்கிட்டச் சொல்லிக்கிட்டு வந்த மனுசன் என்று.

அவருக்கு ஒரே ஒரு ஆசை. அதை எல்லார் முன்னாலும் சொன்னார்.

"ஒரு கம்பம் நட்டா அது மறுநாளும் அங்கனயே நிக்கணும். கம்பம் நின்னாத்தான் பயலுக நிப்பாங்க. இல்லாட்டி இந்த லயத்துல கெழடுகட்டைதான் மிஞ்சும்."

அன்றைக்கே சங்கம் ஆரம்பமானது. பேர் வைப்பதில்தான் தகராறு. ஒவ்வொரு குடும்பமும் தான் இருந்த தோட்டத்தின் பேரை வைக்கச் சொன்னது. மேல் பிரிவுக்காரர்கள், கீழ் பிரிவுக்காரர்கள் என்று ஒரே தோட்டத்துக்குள்ளேயும் சண்டை. கடைசியில் யார் பேரும் வேண்டாம், சங்கம் என்று சொன்னால் போதும் என்று விட்டார்கள். சின்னவன் கேட்ட கேள்வியில் பாதிக்கு இதுதான் பதில்.

எங்களுக்குத் தெரிந்த நிர்வாகம் தோட்டத்து நிர்வாகம்தான். அதனால் சங்கத்தையும் தோட்டம் மாதிரியே நடத்தினோம். தோட்டத்தில் காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரித்துக் கொடுப்பதற்குப் பெரட்டு என்று பேர். எங்கள் பயிற்சிக்கும் பெரட்டு என்றே பேர் வந்துவிட்டது. ஒரு நாள் வேலையை அங்கே 'ஒரு பேர்' என்பார்கள். லேட்டாய்ப் போனால் அரைப்பேர்தான். சங்கத்திலும் லேட்டாய் வந்தவனுக்கு அரைப்பேர். அவன் பாதி ஆட்டம் வெளியே உட்கார்ந்து பந்து பொறுக்க வேண்டும். உங்கள் அம்மா வலைப்பந்துக்கு ஒரு நாள்கூட லேட்டாய் வந்ததில்லை. நான்தான் அடிக்கடி அரைப்பேர். வெளியே உட்கார்ந்து பெண்கள் ஆட்டத்தைப் பார்ப்பதற்காகவே லேட்டாய் வருகிறேன் என்று ஒரு பேச்சு இருந்தது. அதைப் பற்றி நான் இங்கே எழுதப் போவதில்லை.

காலனிக்கும், இந்த மலையிலேயே தலைமுறையாக இருக்கிற மலைக்காரர்களின் ஊருக்கும் நடுவில் ஒரு வெட்டவெளி இருந்தது. மாடு மேயும் இடம். அங்கே யாரும் விதைத்து நாங்கள் பார்த்ததில்லை. சும்மா கிடக்கிற இடம்தானே என்று அதைப் பிடித்தோம். யாரிடமும் கேட்கவில்லை. தோட்டத்தில் துரையிடம் கேட்போம். இங்கே துரை யார் என்று எங்களுக்குத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலனியே திரண்டு போனது. கல்லைப் பொறுக்கினோம், மேட்டைத் தட்டினோம். பிறகு குச்சி அடித்தோம். தோட்டத்தில் புதிதாகத் தேயிலை வைக்கும் நிலத்தில் முதல் வேலை அதுதான். கயிறு பிடித்து, கன்று வரப்போகிற ஒவ்வொரு இடத்திலும் ஒரு குச்சி. எந்த வேலையானாலும் குச்சி அடிக்காமல் ஆரம்பிக்க எங்கள் ஆட்களுக்குத் தெரியாது. வாலிபாலுக்கு நாலு மூலை, வலைப்பந்துக்கு நாலு மூலை, எல்லேக்குச் சுற்றிலும், ஓட்டப் பந்தயத்துக்கு நீளமாய் என்று வெளி முழுக்கக் குச்சி. குச்சிக்குக் குச்சி கயிறு கட்டி, கயிற்றோரமாகச் சுண்ணாம்பு தூவினோம். நடுவில் இரண்டு தைலமரக் கம்பங்களை மாமா ஆழக் குழி எடுத்து நட்டார். மேட்டில் ஏறி நின்று பார்த்தால் அவ்வளவு அழகாக இருந்தது. அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

மலைக்காரர்களும் அவர்கள் பக்கத்துப் பாறையில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாங்கள் கையை ஆட்டினோம். அவர்கள் ஆட்டவில்லை.

சில வாரம் ஆடியிருப்போம். ஆடி மாதம் ஒரு நாள் வேலை முடிந்து வந்தால் வெளி முழுக்க உழுது கிடந்தது. சாமை விதைத்திருந்தார்கள். எங்கள் கம்பங்கள் இரண்டும் காலனி முகப்பில் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. குச்சிகளை ஒன்றுவிடாமல் பிடுங்கி, நாரால் கட்டுக் கட்டி மேலே வைத்திருந்தார்கள். எதையும் உடைக்கவில்லை. ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எங்களுக்கு அதிகமாகச் சுட்டது.

பையன்கள் கொதித்தார்கள். இப்போதே போய் அந்த விதைப்பின்மேல் மேட்ச் ஆடுவோம், என்ன செய்வார்கள் பார்ப்போம் என்றார்கள். நானும் வேட்டியை மடித்துக் கட்டியவன்தான். மாமா பந்தை எடுத்துத் தன் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"வெதச்ச நெலத்துல ஒரு பய கால வைக்கக்கூடாது. வச்சா அந்தப் பயலுக்கு இந்தச் சங்கத்துல பேரு இல்ல."

"அப்ப எங்கன ஆடுறது அத்தான்?" என்று கேட்டேன்.

"ஆட ஏலாது. சும்மா இரு."

ரோட்டு வளைவில் ஆடிப் பார்த்தோம். பந்து பள்ளத்தில் உருண்டு போய், தேடி எடுத்து வருவதற்குள் இருட்டிவிடும். எங்கள் டீமில் நன்றாக எம்பி அடிக்கிறவன் ஒருவன் பெங்களூருக்கு பஸ் ஏறினான். அடுத்த மாதம் அவன் தம்பி. மாமா இரண்டு பேரையும் பஸ் வரைக்கும் போய் ஏற்றிவிட்டு வந்தார். வரும் வழியில் அந்தச் சாமைப் பயிரைப் பார்த்துக்கொண்டு நிற்பார். மண்ணில் சத்து இல்லாததால் அது திட்டுத் திட்டாகத்தான் முளைத்திருந்தது. நமக்குச் சொல்றதுக்காகவே வெதச்சிருக்காங்க என்று ஒரு முறை சொன்னார். போய்க் கேட்கலாமே என்றால் மாட்டேன் என்றார். ஒரு நாட்டில் கேட்டுக் கேட்டு ஓய்ந்த வாய் என்றார்.

கேட்டவள் உங்கள் அத்தை, என் அக்கா. புளி வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு நேராக மலைக்காரர் ஊருக்குள் போய், நாட்டாமைக்காரர் வீட்டு அம்மாவோடு உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக் கொடுத்திருக்கிறாள். கை வேலை செய்கிறவளிடம் யார்தான் பேச மாட்டார்கள்? பேச்சோடு பேச்சாக விஷயத்தைப் பிடித்துவிட்டாள்.

விஷயம் குச்சிதான். அந்த ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை குச்சியும் கயிறும் சுண்ணாம்பும் கொண்டுவருகிறவன் நிலம் அளக்கிற ஆள். முன்பு ஒரு தடவை கீழே இருந்து யாரோ வந்து குச்சி அடித்தார்களாம். அடுத்த வருஷம் குச்சி இருந்த இடத்தில் கல் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் வேலி. இவர்கள் எப்போதும் மேய்த்த இடத்திலேயே இவர்கள் மாட்டைப் பிடித்துப் போனார்களாம். அதைப் பார்த்தவர்கள் நாங்கள் வெளி முழுக்கக் குச்சி அடித்ததைப் பார்த்தால் என்ன நினைப்பார்கள்? இந்த வெளியும் சிலோன்காரர்களுக்கு என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்துவிட்டது என்றுதான் நினைத்திருக்கிறார்கள். விதைத்துவிட்டால் அது தங்கள் கை வைத்த நிலம் என்று ஆகிவிடும் அல்லவா?

அக்கா வந்து சொன்னதும் மாமா போய் அந்தக் குச்சிக் கட்டுகளை எடுத்துப் பார்த்தார். எங்களுக்குக் குச்சி என்றால் அங்கே ஒரு செடி வரப்போகிறது என்று அர்த்தம். குச்சியைக் கண்டு பயப்படுகிற ஜனம் இருக்கும் என்று எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

சாமை அறுத்து முடிந்ததும் மாமாவும் நானும் நாட்டாமைக்காரரைப் பார்க்கப் போனோம். அவர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். உட்காரச் சொன்னார். மாமா உட்காரவில்லை.

"எங்களுக்கு நெலம் வேணாங்க. ஆடுறதுக்கு எடம் மட்டும் குடுத்தாப் போதும். குச்சி அடிக்கிறது எங்க பழக்கம். தப்பா நெனைக்காதீங்க."

மாடு குடித்து முடித்ததும் அவர் வாளியைக் கவிழ்த்து வைத்தார். பிறகு, "ஆட வாணாம்னு யாரு சொன்னது? ஆடுங்க. குச்சி மட்டும் வாணாம், சுண்ணாம்பு வாணாம்" என்றார்.

"சரிங்க."

"கம்பமும் வாணாம்."

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். கம்பம் இல்லாமல் வலை கட்ட முடியாது என்று நான் விளக்கிச் சொன்னேன்.

"அப்டின்னா ஆடறப்ப நட்டுக்க. பொழுது எறங்கனா புடுங்கி எடுத்துனு போய்டணும். குழிய மூடிட்டுப் போ. மாடு அதுல கால வுட்டா நீயா வந்து வைத்தியம் பாப்பே?"

"ரெண்டே ரெண்டு கம்பங்க. அது பாட்டுக்கு நிக்கட்டுமே," என்றார் மாமா. அந்தக் குரலில் அவர் பேசி நான் அதற்கு முன்பு கேட்டதில்லை.

"உனக்கு அது வெளாட்டு. எங்களுக்கு அப்டி இல்லப்பா. மொத குச்சியும் ரெண்டே ரெண்டுதான் இருந்திச்சி."

மாமா முடியாது என்று சொல்லிவிடுவார் என்று பயந்தேன். சொல்லியிருந்தால் சங்கம் அன்றோடு போயிருக்கும். கடைசியில், "சரிங்க, வார்த்தை குடுக்குறேன். ஒரு நாள்கூட விட்டுட்டுப் போக மாட்டோம்" என்றார். வீட்டுக்கு வந்து அக்காவிடம் எடம் கெடச்சிருச்சு என்று மட்டும் சொன்னார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அதிலிருந்து எங்கள் ஆட்டம் இப்படித்தான். நாலு பேர் கம்பத்தைத் தோளில் வைத்துக்கொண்டு முன்னால் போவார்கள். வலையும் பந்தும் மண்வெட்டியும் பின்னால் வரும். குழி எடுத்து, நட்டு, இறுக்கி, ஆடி, பொழுது சாய்ந்ததும் பிடுங்கி, குழியை மூடி மிதித்துவிட்டுத் திரும்புவோம். கோட்டுக்குக் காலால் கிழித்த கீறல்தான். வலைப்பந்து வளையத்தையும் அதே கம்பத்தில் மாட்டிக்கொண்டதால் பெண்கள் ஆடி முடிக்கிற வரை நாங்கள் காத்திருப்போம். யாருக்கு அரைப்பேரோ அவன் குழி மூட வேண்டும் என்று முதலில் பேசினோம். மாமா ஒத்துக்கொள்ளவில்லை. வார்த்தை கொடுத்தவன் நான்தானே என்று கடைசிக் குழியை அவரே மூடி மிதிப்பார். மழைக்காலத்தில் கம்பம் ஊறி மலைபோலக் கனக்கும். பலகை மாட்டவும் நிரந்தரமாக ஓர் இடம் இல்லை. மாட்டினால் அதையும் தினம் கழற்ற வேண்டும். சின்னவனே, மீதிப் பதில் இது.

மலைக்காரப் பையன்கள் பாறையில் உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பார்கள். எங்களுக்கு அவர்கள் வைத்த பேர் டீத்தூள். யாராவது பந்தைக் கோட்டை விட்டால், "டீத்தூளு கொட்டிச்சிடா" என்று சத்தம் வரும். பிறகு பந்து அவர்கள் பக்கம் போனால் திருப்பி எறிந்தார்கள். பிறகு உதைத்தார்கள். அதில் ஒருவன் நாட்டாமைக்காரரின் பேரன், ஒல்லியாக, குட்டையாக இருப்பான். ஆனால் எம்பினால் வலைக்கு மேலே அவன் இடுப்பு தெரிவதுபோல இருக்கும். பெங்களூர் போனவர்களின் இடத்தில் மாமா அவனைச் சேர்த்தார். அவனோடு இன்னும் இரண்டு பேர் வந்தார்கள்.

அந்த டீமோடுதான் பொங்கலுக்குச் சந்தவாசலில் நடந்த போட்டிக்கு இறங்கிப் போனோம். பேர் கேட்டார்கள், இல்லை என்றோம். எங்கிருந்து வருகிறீர்கள் என்றார்கள், முதலில் இலங்கை என்று எவனோ சொல்லித் தொலைத்தான். மைக்கில் 'அடுத்ததாக இலங்கை அணி' என்று அறிவித்துவிட்டார்கள். வெளிநாட்டு டீம் வந்திருக்கிறது என்று கடைத்தெருவே ஓடி வந்தது. எங்களைப் பார்த்துவிட்டு ஒருவர் வாய்விட்டே சொன்னார், "இன்னாடா இது, நம்மள மாதிரியேதான் கீறானுங்க." நாட்டாமைக்காரர் பேரன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றான், கப்பலில் வந்தவன் மாதிரி. இரண்டாவது ஆட்டத்தில் தோற்றோம். போட்டோ ஜெயித்தவர்களுக்குத்தான், பெரியவளே. அதைப் பற்றி ஒருவரும் கவலைப்படவில்லை. திரும்பி மலை ஏறும்போது பஸ்ஸில் எங்கள் பாட்டும் அவர்கள் பாட்டும் மாறி மாறி ஓடின. அந்த வருஷம் காலனியில் ஒரு வீட்டையும் யாரும் புதிதாகப் பூட்டவில்லை.

மலைக்காரப் பையன்களுக்கு ஒரு கஷ்டம் இருந்தது. சாயங்காலம் மாட்டை ஓட்டிக்கொண்டு வீடு சேர வேண்டும். காலையில் மாடு மேயும் நேரம்தான் அவர்களுக்கு ஒழிவு. அப்போது நாங்கள் வேலையில் இருப்போம், கம்பம் காலனியில் கிடக்கும். கம்பத்தை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள், நாங்கள் காலையில் ஆடுகிறோம் என்று மாமாவிடம் கேட்டார்கள். முடியாது என்றுவிட்டார். உங்க தாத்தாகிட்ட வார்த்தை குடுத்திருக்கேன் என்றார். பந்தை வேண்டுமானால் எடுத்துக்கொள்ளச் சொன்னார். பேரன் எவ்வளவோ கெஞ்சினான். தாத்தாவெல்லாம் ஒன்றும் சொல்ல மாட்டார் என்றான். மாமா அசையவில்லை. எனக்கே கொஞ்சம் கோபம்தான். இத்தனை நாள் ஏங்கினது தானாக வருகிறது, இந்த மனிதர் தள்ளிவிடுகிறாரே என்று.

அடுத்த ஞாயிறு வழக்கம்போலக் கம்பத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பினோம். மாமா முன்னால். மேடு ஏறி இறங்கினவர் சட்டென்று நின்றுவிட்டார். பின்னால் வந்த நான் அவர் முதுகில் மோதினேன்.

வெளியின் நடுவில் ஏற்கெனவே இரண்டு கம்பங்கள் நின்றன. புளியங்கட்டை. புளி நேராகவா வளரும், ஒன்று கொஞ்சம் வளைந்திருந்தது. நாட்டாமைக்காரர் மாடுகளோடு தூரத்தில் உட்கார்ந்திருந்தார். பேரன் எங்களிடம் ஓடி வந்தான்.

"தோளு நோவப் போவுது மாமா. கீழ வையி."

மாமா வைக்கவில்லை. "யாரக் கேட்டு நட்டீங்க?"

"தாத்தாதான் குழி எடுத்துக் குடுத்தாரு. எங்க எடம், எங்க கம்பம், எவன் கேக்கறது?"

"அப்ப இத என்னா செய்யறது?"

"வெட்டி வூட்டு அடுப்புல போடு மாமா. நல்லா எரியும்."

எல்லாரும் சிரித்தார்கள். மாமா மெதுவாகக் கம்பத்தைத் தரையில் இறக்கினார். தூரத்தில் இருந்த நாட்டாமைக்காரரைப் பார்த்துக் கும்பிட்டார். அவர் ஆடுங்க என்பதுபோலக் கையைக் காட்டிவிட்டு மாட்டின் பக்கம் திரும்பிக்கொண்டார். வலையைக் கட்டியதும் மாமா கீழே நின்று கையை உயர்த்திப் பார்த்தார். ஒரு சாண் குறைச்சல். குட்டையா இருக்கே என்றார். எங்களுக்கு இதான் அளவு என்றான் பேரன். அந்த உயரத்திலேயே ஆடினோம். மாமாவின் கை அதற்குப் பழகாமல், அவர் அடித்த பந்தெல்லாம் மாட்டுக்கூட்டத்தில் போய் விழுந்தது.

பொழுது சாய்ந்ததும் நான் வலையை அவிழ்த்துச் சுருட்டினேன். மாமா பழக்கத்தில் போய்க் கம்பத்தைக் கட்டிப் பிடித்து ஆட்டினார். பையன்கள் சத்தம் போட்டார்கள். அவர் விடாமல் இன்னொரு முறை, இந்தத் தடவை பலத்தையெல்லாம் போட்டு ஆட்டிப் பார்த்தார். அசையவில்லை. கையில் ஒட்டிய பட்டையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்தார்.

"ஆழமாத்தான் பொதச்சிருக்கானுக," என்றார் என்னிடம். "நட, போவோம்."